"முடியாது"ன்னு எழுதி வச்ச நூறு வருஷம்: பெரியாறு கிழக்கே திரும்பின கதை



போன மாசம் உங்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், வேற வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்துச்சு. "ஆபீஸ் வேலையிலயும் சரி, எழுதுறதுலயும் சரி, புதுசா யோசிக்கிற பழக்கத்தை எப்படி வளர்த்துக்கிறது? தினமும் என்ன பண்ணணும்?"

விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திரிங்க, எழுந்ததும் மூணு பக்கம் எழுதுங்கன்னு சொல்ற வீடியோவெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீங்க. நான் ஒரு வாரம் செஞ்சு பார்த்தேன். மூணு பக்கமும் தூக்கம் வருதுன்னுதான் எழுதியிருந்தேன். அதனால டிப்ஸ் கொடுக்கிற தகுதி எனக்கு இல்லை. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம் வரலாறு, அதுவும் எங்க ஊர் வரலாறு. அதை வச்சே இந்தக் கேள்விக்குப் பக்கத்துல போய்ப் பார்க்கலாம்.

அதுக்கு முன்னாடி, நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, பெங்களூர்ல நான் இருந்த டீம்ல ஒரு ஜூனியர் ஒரு யோசனை எழுதிப் போட்டாங்க. வாடிக்கையாளர் பட்டனை அமுக்குற ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டை முதல்ல இருந்து கணக்குப் போட வேண்டாம், ராத்திரியே கணக்குப் போட்டு எடுத்து வச்சிடலாம்னு. நான் அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடினேன். "இது நமக்குச் சரிவராது." அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே யோசனையை வேற ஒருத்தர் மீட்டிங்ல சொன்னார். "இதை ஏற்கனவே பார்த்திருக்கோம்"னு நான் பெருமையா தேடி எடுத்தேன். என் வரிதான் வந்துச்சு. ஏன் சரிவராதுன்னு எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. எனக்கு ஞாபகம் இல்லை. சர்வர் செலவா? டேட்டா அப்போ கம்மியா இருந்துச்சா? இல்ல, அன்னைக்கு எனக்குப் பசியா? சத்தியமா தெரியல. முதல்ல இருந்து ஆராய்ஞ்சு பார்க்க மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரம் கூடப் பரவாயில்லை. தேடும்போது இன்னொன்னையும் கவனிச்சேன். அந்தப் பொண்ணு டீம்ல இருந்த வரைக்கும் அதுக்கப்புறம் ஒரு யோசனை கூட எழுதிப் போடலை. என் ஒரு வரிக்கு முன்னாடி மாசத்துக்கு ரெண்டு மூணு. பின்னாடி ஒண்ணுமில்லை.

இதை மனசுல வச்சுக்கிட்டுதான் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

ஊர் கம்பம் பக்கம். எங்க தாத்தா வீட்டு ஹால்ல மூணு படம் மாட்டியிருக்கும். ஒண்ணு முருகன். ஒண்ணு தாத்தாவோட அப்பா. மூணாவது, பெரிய மீசை வச்ச ஒரு வெள்ளைக்காரர். சின்ன வயசுல அவரும் ஏதோ சொந்தக்காரர்னு நினைச்சிருந்தேன். (சிரிப்பு.) தேனி மாவட்டத்துக்காரங்க இப்பவே கண்டுபிடிச்சிருப்பீங்க. ஜான் பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின பொறியாளர். 1841 ஜனவரி 15 பிறந்த நாள். அது பொங்கலோட சேர்ந்து வர்றதால பாலார்பட்டியில அவர் பேர்லயே பொங்கல் வைக்கிறாங்க. லோயர் கேம்ப்ல அவருக்கு மணிமண்டபம் இருக்கு, 2013 ஜனவரியில திறந்தது. எங்க பக்கம் பிள்ளைகளுக்கு அவர் பேரை வைக்கிறதும் உண்டு.

அவரைப் பத்தி எங்க ஊர்ல எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. அணை பாதியில வெள்ளத்துல போச்சு, அரசாங்கம் கையை விரிச்சிருச்சு, பென்னிகுவிக் இங்கிலாந்துக்குப் போய் சொத்தையும் மனைவியோட நகையையும் வித்துக் கொண்டு வந்து கட்டினார்னு. நானும் இதை நம்பித்தான் வளர்ந்தேன். ஆனா இது சென்னை மாகாண அரசு மதிப்பீடு போட்டு, அனுமதி கொடுத்து, தன் பொதுப்பணித் துறையை வச்சுக் கட்டின திட்டம். அந்தத் துறையில இருந்த ஏ. டி. மெக்கன்சி என்ற பொறியாளர், பெரியாறு திட்டத்தோட முழு வரலாற்றையும் எழுதி 1899-ல அரசு அச்சகம் வழியா வெளியிட்டார். ஊர்க் கதை நன்றியில பிறந்த கதை, அதோட நான் சண்டை போட வரலை. எனக்கு அதுல ஒரே ஒரு குறைதான். ஒரு மேதை வந்தார், தியாகம் பண்ணினார், ஆறு திரும்பிருச்சுன்னு அது சொல்லுது. நிஜத்துல அந்த யோசனைக்கு அப்போ வயசு கிட்டத்தட்ட நூறு. அந்த நூறு வருஷமும் அது வாங்கினது எல்லாம் "முடியாது"தான்.

அந்த "முடியாது"களைத்தான் இன்னைக்கு வரிசையா பார்க்கப் போறோம்.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கோங்க. கம்பம் பள்ளத்தாக்குல நின்னு மேற்கே பார்த்தா மலைத்தொடர் சுவர் மாதிரி நிக்கும். அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்க ஓடுற பெரியாறு வருஷம் முழுக்கத் தண்ணியைக் கொண்டுபோய் அரபிக்கடல்ல விடும். இந்தப் பக்கம், மழை மறைவுப் பகுதி. வைகை பாதி வருஷம் மணலாத்தான் கிடக்கும். குமுளியில நின்னா ரெண்டு உலகத்தையும் ஒரே நாள்ல பார்க்கலாம். மேல குடை, கீழ வந்தா வெயில். அந்தத் தண்ணி இந்தப் பக்கம் வந்தா எப்படி இருக்கும்னு யாருக்கும் தோணும். நிச்சயமா மாடு மேய்க்கிறவங்களுக்கு எல்லாருக்கும் முன்னாடியே தோணியிருக்கும்.

ஆவணத்துல வர்ற முதல் பேர் முத்திருளப்ப பிள்ளை. ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியோட பிரதானி. 18-ஆம் நூற்றாண்டோட கடைசியில அவர் இந்த யோசனையைக் கையில எடுத்துப் பார்த்தார். ராமநாதபுரம் வைகையோட வால் பகுதி, வர்ற தண்ணியில மிச்சம் மீதிதான் அவங்களுக்கு. அவருக்கு இருந்த அக்கறை புரியுது. கிடைச்ச பதில்: செலவு தாங்காது. முதல் "முடியாது"க்குக் காரணம் பணம்.

அடுத்தது 1808. கேப்டன் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளரை அனுப்பினாங்க. இவர் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதின ராபர்ட் கால்டுவெல் இல்லை. அவர் பிறந்ததே 1814-ல. இந்தக் கால்டுவெல் மலையில மட்டம் எடுத்துப் பார்த்தார். ஆத்துத் தண்ணியை இந்தப் பக்கம் கொண்டு வரணும்னா மலை முகட்டை 100 அடிக்கும் மேல ஆழமா வெட்டணும்னு கணக்கு வந்துச்சு. இது வெறும் பகல் கனவு, இனிமே யாரும் இதைத் திரும்பிக் கூடப் பார்க்க வேண்டியதில்லைங்கிற தோரணையில அறிக்கை எழுதிட்டுப் போயிட்டார்.

அந்தத் தோரணையைப் படிச்சப்ப எனக்கு என் டிக்கெட் ஞாபகம் வந்துச்சு. சொல்லப்போனா அவர் பேச்சு என்னோடதை விட மோசம். ஆனா அவர் நான் செய்யாத ஒண்ணைச் செஞ்சார். அளந்தார், அளந்ததை எழுதி வச்சார். 100 அடிக்கு மேலன்னு ஒரு எண் அந்த அறிக்கைக்குள்ள இருக்கு. அவரோட கிண்டலுக்கு இன்னைக்கு மதிப்பில்லை. அந்த எண்ணுக்கு மட்டும் அடுத்த 80 வருஷம் மதிப்பு இருந்துச்சு. பின்னாடி வர்றவனால அந்த எண்ணைத் தாண்ட வழி யோசிக்க முடியும். "சரிவராது"ங்கிறதை எப்படித் தாண்டுறது?

மூணாவது 1850. சின்னதா ஒரு மண் அணை கட்டிப் பார்க்கலாம்னு வேலையை ஆரம்பிச்சே பார்த்தாங்க. காடு, காய்ச்சல். இந்த இடத்துல உயிரோட இருக்கணும்னா கூலி அதிகம் வேணும்னு வேலைக்காரங்க கேட்டாங்க. நியாயம்தானே? வேலை நின்னுருச்சு. காரணம் பணமும் இல்லை, உயரமும் இல்லை. ஆள்.

இப்போ இங்க கொஞ்சம் நிப்போம், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் அடுத்து வருது.

1860-கள்ல ரைவ்ஸ் என்ற இன்னொரு ராணுவப் பொறியாளர் வந்தார். 1867-ல திட்டம் கொடுத்தார். கால்டுவெல் கேட்ட கேள்வி, மலையை எவ்வளவு ஆழம் வெட்டணும்ங்கிறது. ரைவ்ஸ் திட்டத்துல இருக்கிற கேள்வி வேற. தண்ணியை எவ்வளவு உயரம் தூக்கணும்?

வீட்டு உதாரணம் சொல்றேன். ஒரு ரூம்ல தண்ணி நிக்குது. அதைப் பக்கத்து ரூமுக்குக் கொண்டு போகணும். நடுவுல உயரமான வாசப்படி. வாசப்படியை இடிக்கலாம், கஷ்டம். இல்லைன்னா, தண்ணி வெளியே போற ஓட்டையை அடைச்சிட்டு உட்கார்ந்திருக்கலாம். தண்ணி தானா ஏறி வாசப்படி வரைக்கும் வந்து நிக்கும். அதுக்கப்புறம் வாசப்படியில ஒரு சின்ன துளை போட்டாப் போதும்.

பெரியாறு திட்டம் அவ்வளவுதான். ஓட்டையை அடைக்கிறதுதான் அணை. அணை இருக்கிற இடத்துல இருந்து பார்த்தா ஏரி காட்டுப் பள்ளங்கள் வழியா கை விரல் மாதிரி நீண்டு போய், தமிழ்நாட்டுப் பக்கத்து முகடு வரைக்கும் வந்து நிக்கும். அங்க ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகமான நீளத்துல ஒரு சுரங்கம். தண்ணி இந்தப் பக்கம் வந்திரும். தேக்கடியில போட்டிங் போயிருப்பீங்க, தண்ணிக்குள்ள பட்ட மரங்கள் நிக்கும், அது மேல பறவை உட்கார்ந்திருக்கும், நாம செல்ஃபி எடுப்போம். அந்த மரங்களெல்லாம் அன்னைக்கு மூழ்கின காடு. ஏறி வந்து நிக்கிற அந்தத் தண்ணி மேலதான் நம்ம போட் போகுது.

"வெட்டு"ங்கிற ஒரு வினைச்சொல்லுக்குப் பதிலா "தூக்கு"ன்னு இன்னொண்ணு. கால்டுவெல்லோட 100 அடி பொய்யாகலை. அதே உயரம்தான். ஆனா மலை மேல இருந்த சுமை தண்ணி மேல மாறிருச்சு. கால்டுவெல்லுக்கு அப்புறம் இது நடக்க அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சுங்கிறதையும் கவனிங்க. குளிக்கும்போது பளிச்சுன்னு வந்த யோசனை மாதிரி எனக்குத் தெரியல.

இதை நான் என் ஸ்கிரிப்ட் நோட்டுல முயற்சி பண்ணிப் பார்த்தேன். கூடலூருக்கு மேல, எல்லையில இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயிலைப் பத்தி எபிசோடு பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை. மூணு தடவை கைவிட்டிருக்கேன். முதல் ரெண்டு தடவை ஏன்னு எழுதி வைக்கலை. மூணாவது தடவை எழுதினேன்: "வருஷத்துல சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் மேல விடுவாங்க. அந்தக் கூட்டத்துல மைக் வச்சுப் பேட்டி எடுக்க முடியாது." எழுதினதுக்கு அப்புறம் ஒரு நாள் சும்மா புரட்டும்போது அந்த வரியில இருந்த "மேல"ங்கிற வார்த்தை உறுத்துச்சு. நான் ஏன் மேல போகணும்? நடந்து ஏறுறவங்க பளியன்குடியில இருந்துதானே கிளம்பி அங்கேயே இறங்கி வர்றாங்க? நான் கீழ உட்கார்ந்துக்கிட்டு, இறங்கி வர்றவங்ககிட்ட பேசினா என்ன? ஏறுறவங்களுக்கு மூச்சு வாங்கும். இறங்கி வர்றவங்களுக்குத்தான் கதை இருக்கும். இதை யோசிக்கிறதுக்கு நான் நாலு மணிக்கெல்லாம் எழுந்திரிக்கலை. காரணத்தை ஒரு முழு வாக்கியமா எழுதி வச்சிருந்தேன், அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம். ரைவ்ஸ் திட்டமும் உடனே நடக்கலை. அவர் சொன்னது மண் அணை. வெள்ளம் மேல ஏறி வழிஞ்சா மண் அணை நிக்காது. விவாதம் இழுத்துக்கிட்டே போச்சு. கடிதம், பதில் கடிதம், திருத்தின மதிப்பீடு. அதுக்குள்ள 1876 வந்திருச்சு.

தாது வருஷப் பஞ்சம். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இந்தப் பேரைச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876-ல இருந்து 78 வரைக்கும் சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான ஜனம் பட்டினியில செத்தாங்க. பஞ்சம் வேலையைத் தள்ளிப் போட்டுச்சு, அதே சமயம் கணக்கையும் மாத்திருச்சு. முத்திருளப்ப பிள்ளை காலத்துல "செலவு தாங்காது"ன்னு சொன்னப்ப, தராசோட ஒரு தட்டுலதான் எடை வச்சுப் பார்த்தாங்க. கட்டலைன்னா என்ன செலவுங்கிறது இன்னொரு தட்டுல இல்லை. இப்போ அது ஏறி உட்கார்ந்துச்சு. பணம்ங்கிற காரணத்துக்கு அன்னைக்குக் காலாவதி ஆச்சு.

இதைச் சொல்றப்ப எனக்கு லேசா கூச்சமா இருக்கு. இத்தனை பேர் சாவை ஒரு யோசனைக்கான திருப்புமுனைன்னு சொல்றது சரியான்னு. ஆனா நடந்தது அதுதான். நல்ல யோசனை தள்ளிப் போனதுக்கு விலை கொடுத்தவங்க, அந்த அறிக்கைகளை எழுதினவங்க இல்லை.

1882-ல பென்னிகுவிக் கைக்குத் திட்டம் வந்துச்சு. அவர் செஞ்ச பெரிய மாற்றம், மண்ணுக்குப் பதிலா சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். சுர்க்கின்னா சுட்ட செங்கல்லை அரைச்ச பொடி. சுண்ணாம்போட அது சேர்ந்தா தண்ணிக்குள்ளயும் இறுகும். சுத்தி கருங்கல் கட்டுமானம், உள்ளே இந்தக் கான்கிரீட். வெள்ளம் மேல வழிஞ்சாலும் கரையாத அணை. அணை அமையுற இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்ததால பேச்சுவார்த்தை வருஷக்கணக்கா நடந்து, 1886 அக்டோபர் 29-ஆம் தேதி குத்தகை ஒப்பந்தம் ஆச்சு. 999 வருஷத்துக்கு. அடுத்த வருஷம் வேலை தொடங்குச்சு.

கட்டின எட்டு வருஷத்தைப் பத்தி மட்டும் தனி எபிசோடு போடலாம். சுருக்கமா சொல்றேன். ஆத்தை ஒதுக்கி விட்டாத்தான் அடித்தளம் போட முடியும். ஒதுக்குறதுக்குப் போட்ட தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் வந்து அடிச்சுக்கிட்டுப் போகும். மறுபடி போடுவாங்க. மறுபடி போகும். சாமான் கொண்டு போக மாட்டு வண்டி, மலையேத்த கம்பிவடம், அதுக்கு மேல காட்டு ஆத்துல படகு. மழைக்காலத்துலயும் காய்ச்சல் காலத்துலயும் வேலையை நிறுத்திட்டுக் கீழ இறங்கிடணும். ஒவ்வொரு வருஷமும் மேல வந்தா, போன வருஷம் கட்டினது எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துட்டுத்தான் தொடங்கணும். பென்னிகுவிக் 1897-ல லண்டன் பொறியாளர் சங்கத்துக்கு இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். ரெண்டு வருஷம் கழிச்சு மெக்கன்சி புத்தகம். வென்ற கதையை மட்டும் எழுதாம, எது உடைஞ்சது, எதனால உடைஞ்சதுன்னு எழுதி வச்ச ஆட்கள் இவங்க. எங்க துறையில சிஸ்டம் படுத்தா அறிக்கை எழுதுவோம். பாதி அறிக்கையில காரணம்னு "மனிதத் தவறு"ன்னு போட்டு முடிச்சிருப்பாங்க. அதை வச்சுக்கிட்டு யாரும் அடுத்த அணையைக் கட்ட முடியாது.

1895 அக்டோபர்ல ஆளுநர் வென்லாக் வந்து திறந்து வச்சார். அடித்தளத்துல இருந்து 176 அடி உயரம், 1,200 அடி நீளம். அதுவரைக்கும் காய்ச்சலுக்கும் நோய்க்கும் மட்டும் 400 பேருக்கு மேல செத்திருந்தாங்க. அணைக்குப் பக்கத்துலயே கல்லறை இருக்கு. 1850-ல கூலி உயர்த்திக் கேட்டவங்க சொன்னது பொய்யில்லை. "ஆள்"ங்கிற மூணாவது காரணம் கடைசி வரைக்கும் தீரலை. அதைத் தாண்டலை, அதுக்கு மேலயே நடந்து போனாங்க. எங்க வீட்டு ஹால்ல அவங்க படம் ஒண்ணும் இல்லை.

போன பொங்கலுக்கு இதையெல்லாம் தாத்தாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். அவர் கேட்டுட்டு, "ஏய்யா, இதுக்குப் போயி இம்புட்டுப் புத்தகம் படிச்சியா?"ன்னு எழுந்து போய் பழைய தினசரி காலண்டர் கட்டை எடுத்துட்டு வந்தார். தாள் கிழிக்கிற காலண்டர். முக்கியமான நாள் தாளை மட்டும் கிழிக்காம, பின்னாடி எழுதி, நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கார். எங்க பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல் பூமி. ஜூன் முதல் வாரம் தண்ணி திறந்தா முதல் போகத்துக்கு நாத்து விடுவாங்க. எங்களுது அதுல ஒண்ணரை ஏக்கர். தாத்தா எழுதி வச்சிருக்கிறது நட்டதைப் பத்தி இல்லை. நடாததைப் பத்தி.

"ரெண்டாம் போகம் நடலை. தண்ணி பிந்திருச்சு." "வாழை வைக்கலை. காத்துக்குப் பயம், முட்டுக் கொடுக்க கம்பு விலை கூடுதல்." "புது ரக நெல்லு வேண்டாம்னுட்டேன். வைக்கோல் கட்டை, மாடு ரெண்டு இருக்கு."

கடைசித் தாளைக் காட்டி, "இப்போ வாழைதானே வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "பெறகு? கம்பு விலைக்குப் பயந்து விட்டேன். உங்க மாமன் தோட்டத்துல தைல மரம் போட்டான், கம்பு சும்மா கெடச்சுது, வச்சேன். மாட்டையும் வித்தாச்சு, இப்ப எந்த நெல்லா இருந்தா என்ன?" அவ்வளவு சாதாரணமா சொல்றார். ஒவ்வொரு "வேண்டாம்"க்கும் பக்கத்துல ஒரு காரணம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிக்கு முன்னாடி, கட்டைப் பிரிச்சுப் படிச்சுப் பார்ப்பாராம். எந்தக் காரணம் செத்துப் போச்சுன்னு பார்க்க. பழக்கம் பழக்கம்னு கேட்டீங்களே, நான் பார்த்ததுல இதுதான் பழக்கம். எட்டாவது வரைக்கும் படிச்ச 82 வயசு மனுஷன், நூல் கட்டின காலண்டர் தாள்.

நான் இப்போ அதைத்தான் காப்பி அடிக்கிறேன். போன்ல ஒரு நோட். வேண்டாம்னு விட்ட யோசனை, ஏன்னு ஒரு முழு வாக்கியம், முடிஞ்சா ஒரு எண். மூணு மாசத்துக்கு ஒரு தடவை படிச்சுப் பார்க்கிறேன். பெருசா எதுவும் நடந்துடலை. ஆபீஸ்ல ரெண்டு விஷயம் திரும்ப எடுத்திருக்கோம். எபிசோடு ஒண்ணு கிடைச்சிருக்கு. முப்பது நாப்பது யோசனை இன்னமும் வேண்டாமாத்தான் இருக்கு, அதுல பாதி நிஜமாவே மோசமான யோசனை.

இந்தக் கதையில இன்னொரு பக்கத்தைச் சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. நூறு வருஷ "முடியாது"களையும் படிச்சேன். பணம், உயரம், ஆள், மண் அணையோட பலம். அணைக்குக் கீழே, மேற்குப் பக்கம் இருக்கிறவங்க என்ன நினைப்பாங்கங்கிற கேள்வி இந்த வரிசையில இல்லை. இன்னைக்கு வண்டிப்பெரியாறுலயும் வள்ளக்கடவுலயும் இருக்கிறவங்க, ராத்திரி மழை வலுத்தா பழைய அணையை நினைச்சுப் பயப்படறாங்க. எங்க பக்கம் தண்ணி ஒரு அடி குறைஞ்சா பயம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2014-ல 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு. எங்க தாத்தா வயல் அந்த 142-ல இருக்கு. அதனால நான் நடுநிலைன்னு சொல்லிக்க முடியாது. ஆனா வண்டிப்பெரியாறுல என் வயசுல ஒருத்தர் பாட்காஸ்ட் பண்ணினா, இதே வரலாற்றை வேற மாதிரி தொடங்கியிருப்பார்னு எனக்குத் தெரியும்.

ஊர்ல இருந்து கிளம்புற அன்னைக்கு, பைக் எடுத்துக்கிட்டு குமுளி மலை ரோட்டுல இரைச்சல் பாலம் வரைக்கும் போனேன். மேல இருந்து வர்ற பெரியாத்துத் தண்ணி போடுற சத்தத்துக்குத்தான் அந்தப் பேர். பேசுறது பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேட்காது. ரெகார்டரை எடுத்து ஒரு நிமிஷம் பதிவு பண்ணினேன். எபிசோடு தொடக்கத்துல ஆடியோவுல கேட்டீங்களே, அதுதான். எழுத்துல படிக்கிறவங்க மன்னிச்சுக்கோங்க.

பெங்களூர் திரும்பினதும் அந்த டிக்கெட்டைத் திறந்து, என் வரிக்குக் கீழ, மூணு வாரம் ஆராய்ஞ்சு கண்டுபிடிச்ச காரணத்தை எழுதினேன். அன்னைக்கு ராத்திரியே கணக்குப் போட்டு வைக்க ஸ்டோரேஜ் செலவு எவ்வளவு ஆகியிருக்கும், இப்போ எவ்வளவு, எண்ணோட. அந்தப் பொண்ணு இப்போ வேற கம்பெனியில இருக்காங்க. அவங்க நம்பரைத் தேடி மெசேஜ் போட்டேன். "உங்க யோசனை போன மாசம் லைவ் ஆயிருச்சு. அப்போ ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு நான் எழுதலை, அது என் தப்பு"ன்னு. நாலு நாள் பதில் இல்லை. அஞ்சாவது நாள் வந்துச்சு.

"பரவாயில்ல அண்ணா. எனக்கு அந்த டிக்கெட் நம்பர் இன்னும் மனப்பாடம்."

நம்பரையும் எழுதியிருந்தாங்க. சரியாத்தான் இருந்துச்சு.

அடுத்த எபிசோடு சித்ரா பௌர்ணமி முடிஞ்சதும், பளியன்குடியில இருந்து.